லினக்ஸ் மேம்படுத்தலும் கறுத்த திரையும்

லினக்ஸ் கணினியைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்தி மறுபடி துவக்கியதும் காலை வாருவது பல நேரம் திரைதான். கணினி உள்ளே ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்; வேறொரு கணினியிலிருந்து வலைவழியே நுழைந்தால் பதிலும் சொல்லும். கண்முன் இருக்கும் திரை மட்டும் கறுத்துக் கிடக்கும், அல்லது படம் கிழிந்து மினுக்கும், அல்லது 1920 புள்ளி அகலத்தில் இருந்தது 1024க்குச் சுருங்கி எழுத்தெல்லாம் பூதாகரமாகத் தெரியும். ஒலிக்கும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் ஒலி போனால் வேலை நிற்பதில்லை. ஒரு படம் திரைக்கு வந்துசேரும் வழியில் கர்னல், காட்சி வழங்கி, முப்பரிமாண நூலகம், வரைகலைக் கார்டின் ஃபர்ம்வேர் என்று நான்கு அடுக்குகள் இருக்கின்றன. நான்கையும் எழுதுபவர்கள் வேறு, புதுப்பிக்கும் காலமும் வேறு. எந்த வேலை எந்த அடுக்குக்கு என்ற பங்கீடு முப்பது ஆண்டுகளில் பலமுறை மாறியது. மாறும்போதெல்லாம் புதுவிதக் கோளாறு ஒன்றும் கூடவே வந்தது.

எம்ஐடியில் 1984இல் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிய எக்ஸ் சாளர அமைப்பு, 1987 செப்டம்பரில் வெளிவந்த எக்ஸ்11 என்ற வடிவத்தில் நிலைபெற்றது. அது யூனிக்ஸ் பணிநிலையங்களின் காலம். கணினியை விற்ற நிறுவனமே அதன் திரைக்கு ஏற்ற எக்ஸ் வழங்கியையும் பொருத்திக் கொடுத்துவிடும். 1991இல் பிறந்த லினக்ஸுக்கு அந்த வசதி இல்லை. அது ஓடியது சாதாரண பிசியில். எஸ்3, சிரஸ் லாஜிக், ட்ரைடென்ட், மேட்ராக்ஸ், ஏடிஐ என்று எந்த கார்டு வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம். தாமஸ் ரோயலின் எக்ஸ்386 நிரலை அடிப்படையாகக் கொண்டு 1992இல் நான்கு பேர் தொடங்கிய எக்ஸ்ஃப்ரீ86 திட்டம் இந்தக் கார்டுகளுக்கெல்லாம் டிரைவர் எழுதும் பாரத்தை ஏற்றது. அந்த வழங்கி நிர்வாக உரிமையோடு ஓடி, கர்னலைக் கேட்காமலே கார்டின் பதிவகங்களில் நேரடியாகக் கைவைத்தது. கர்னலுக்குத் திரையில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. அதனால் எக்ஸ் செயலிழந்தால் திரையும் விசைப்பலகையும் சேர்ந்தே உறைந்துபோகும், மின்விசையை அணைப்பதுதான் வழி.

அந்தக் காலத்தில் திரையின் அலைவெண்களைப் பயனரே அமைவுக் கோப்பில் எழுதித் தரவேண்டும். 640க்கு 480 புள்ளி கொண்ட சாதாரண விஜிஏ திரைக்கான மோட்லைன் என்ற வரி இப்படி இருக்கும்: 25.175, 640, 656, 752, 800, 480, 490, 492, 525. முதல் எண் நொடிக்கு எத்தனை மில்லியன் புள்ளிகள் அனுப்பப்படுகின்றன என்பது. அடுத்த நான்கும் ஒரு கிடைவரியின் அளவு: 640 புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும், மின்கற்றை வலமிருந்து இடம் திரும்பும் நேரத்தையும் சேர்த்து மொத்தம் 800. கடைசி நான்கும் அதே கணக்கை மேலிருந்து கீழாகச் சொல்கின்றன. 25.175 மில்லியனை 800ஆல் வகுத்தால் ஏறத்தாழ 31.47 கிலோஹெர்ட்ஸ், அதை 525ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 60 முறை படம் புதுப்பிக்கப்படுகிறது. திரை தாங்காத அலைவெண்ணைத் தப்பாகக் கொடுத்தால் பழைய படக்குழாய்த் திரையின் மின்சுற்றே கெடக்கூடும் என்று கையேடுகள் எச்சரித்தன. அது வெறும் பயமுறுத்தல் இல்லை. தாங்காத அலைவெண் வந்தால் தானாக அணைந்துகொள்ளும் பாதுகாப்பு பிற்காலத் திரைகளுக்குத்தான் வந்தது.

2000 மார்ச்சில் எக்ஸ்ஃப்ரீ86 4.0 வந்தபோது மேம்படுத்தல் கோளாறு பெரிய அளவில் தலைகாட்டியது. அதுவரை ஒவ்வொரு கார்டுக் குடும்பத்துக்கும் தனித்தனி வழங்கி நிரல் இருந்தது. 4.0இல் வழங்கி ஒன்றே, டிரைவர்கள் அதில் ஏற்றப்படும் துண்டுகள். வடிவமைப்பு நல்லதுதான். ஆனால் அமைவுக் கோப்பின் வடிவம் மாறியது. பழைய கார்டுகள் சிலவற்றுக்குப் புதிய டிரைவர் எழுதப்படவே இல்லை. ஆகவே லினக்ஸ் வழங்கல்கள் சில காலம் 3.3ஐயும் 4.0ஐயும் ஒரே வட்டில் சேர்த்துக் கொடுத்தன.

அதே நேரத்தில் முப்பரிமாணம் வந்து சேர்ந்தது. பிரிசிஷன் இன்சைட் என்ற நிறுவனம் உருவாக்கிய கட்டமைப்பில், கார்டை யார் எப்போது தொடலாம் என்று காவல் காக்கும் டிஆர்எம் என்ற பகுதி கர்னலுக்குள் போனது. பிரையன் பால் 1993இல் எழுதத் தொடங்கிய மெசா நூலகம் படத்தை வரைந்தது. திரையின் அளவையும் அலைவெண்ணையும் எக்ஸ் வழங்கியே வைத்துக்கொண்டது. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்புகளாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இங்கேதான் பிறந்தது.

என்விடியா இந்தக் கூட்டுக்குள் வராமல் தனி வழி போனது. அதன் டிரைவர் மூடிய நிரல். கர்னலோடு ஒட்டுவதற்கு மட்டும் ஒரு மெல்லிய உறை, பயனரின் கணினியிலேயே தொகுக்கப்படும். லினக்ஸ் கர்னல் தன்மேல் ஓடும் பயனர் நிரல்களுக்குக் கொடுக்கும் வாக்கை மீறுவதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் டிரைவர்களுக்கு அப்படி எந்த வாக்கும் கொடுப்பதில்லை. உள் இடைமுகங்கள் எப்போது வேண்டுமானாலும் மாறும் என்பதை கிரெக் குரோ-ஹார்ட்மன் எழுதி கர்னலோடு வெளியாகும் ஆவணமே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. கர்னலுக்குள் இருக்கும் டிரைவரை, இடைமுகத்தை மாற்றியவரே திருத்தவேண்டும். வெளியே இருப்பதைத் திருத்த யாருக்கும் கடமை இல்லை. விளைவு: கர்னல் புதிதாக வரும்போதெல்லாம் உறையை மறுபடி தொகுக்கவேண்டும், மறந்தால் திரை இல்லை. இதைத் தானாகச் செய்ய டெல் நிறுவனத்தில் 2003 வாக்கில் டிகேஎம்எஸ் உருவானது. அதற்குப் பிறகும் இன்னொரு சிக்கல் நீடித்தது. என்விடியாவும் மெசாவும் ஒரே பெயரில் ஓபன்ஜிஎல் நூலகக் கோப்பை வைத்திருந்தன. என்விடியா நிறுவி அதன் மேல் தன் கோப்பை எழுதும். சில வாரம் கழித்து வரும் சாதாரண மெசா அப்டேட் அதை அழித்துத் தன்னுடையதை வைக்கும். என்விடியா பொறியாளர்களே முன்னெடுத்த ஜிஎல்விஎன்டி என்ற பொது நூலகம் பரவிய பிறகுதான் இரண்டும் ஒரே கணினியில் சண்டையின்றி இருக்க முடிந்தது.

2004இல் எக்ஸ்ஃப்ரீ86 தன் உரிமத்தை மாற்றியதும் வழங்கல்கள் கூட்டமாக அதிலிருந்து கிளைத்த எக்ஸ்.ஆர்க் பக்கம் போயின. 2005 டிசம்பரில் எக்ஸ்11ஆர்7 மொத்த நிரலையும் தனித்தனிப் பொதிகளாகப் பிரித்தது. வழங்கி ஒரு பொதி, ஒவ்வொரு டிரைவரும் ஒரு பொதி. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் எக்ஸ் கிளம்பாது. 2006 ஆகஸ்டில் உபுண்டு வழங்கலின் 6.06 பதிப்புக்கு வந்த எக்ஸ் வழங்கி அப்டேட் ஒன்று பலருடைய வரைகலைத் திரையையே எடுத்துவிட்டது. முழுப் பதிப்பு மேம்படுத்தல் கூட இல்லை, வழக்கமான அப்டேட். நீண்டகால ஆதரவு உண்டு என்று அறிவிக்கப்பட்ட பதிப்பு அது, வெளிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. திருத்திய பொதி விரைவிலேயே வந்தது. கட்டளைவரியில் இரண்டு கட்டளை தட்டினால் போதும். அந்த இரண்டு கட்டளை எவை என்று தேடிப் பார்க்க உலாவி இல்லாததுதான் பயனர்களின் அவதி. 2007 அக்டோபரில் வந்த உபுண்டு 7.10இல், எக்ஸ் கிளம்பத் தவறினால் குறைந்த தெளிவிலாவது ஒரு திரையைக் காட்டும் பாதுகாப்பு முறை சேர்க்கப்பட்டது.

திரையின் அளவையும் அலைவெண்ணையும் கர்னலே அமைக்கும் கேஎம்எஸ் முறை, இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். இன்டெல் கார்டுகளுக்கு 2009 மார்ச்சில் கர்னல் 2.6.29இல் அது வந்தது. ஏடிஐ ரேடியானுக்கும், என்விடியா கார்டுகளுக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய நூவோ டிரைவருக்கும் ஓராண்டுக்குள் வந்தது. துவக்கத்தில் திரை இருமுறை மினுக்குவது நின்றது. எக்ஸ் செத்தாலும் கர்னலால் திரையை மீட்க முடிந்தது. ஆனால் இடைக்காலம் கொடுமையானது. 2009 ஏப்ரலில் வந்த உபுண்டு 9.04க்கு மாறிய இன்டெல் கார்டுக்காரர்கள் பலருக்குப் படம் நகரும் வேகமே செத்தது, சிலருக்குக் கணினி உறைந்தது. புதிய நினைவக மேலாண்மை பாதி முடிந்திருந்தது, பழைய பாதை கவனிப்பாரற்றுப் போயிருந்தது. யுஎக்ஸ்ஏ என்ற புதிய முடுக்க முறைக்கு மாறுவது அல்லது பழைய டிரைவரைத் திரும்பப் போடுவது என்ற இரண்டே வழிதான் அவர்களுக்கு இருந்தது. இன்டெல் பெயரில் விற்கப்பட்ட ஜிஎம்ஏ 500 சில்லு இன்னும் மோசம். அதன் உள்ளே இருந்தது இமாஜினேஷன் நிறுவனத்தின் பவர்விஆர். அதன் மூடிய டிரைவர் குறிப்பிட்ட பழைய பதிப்புகளில் மட்டுமே ஓடியதால், சின்ன நெட்புக் வாங்கியவர்கள் மேம்படுத்தினாலே திரையை இழந்தார்கள். 2011இல் ஆலன் காக்ஸ் எழுதிய டிரைவர் கர்னலுக்குள் வந்தது, முப்பரிமாணம் இல்லாமல்.

கோளாறுகள் பெருகப் பெருக, அவற்றைக் கண்டுபிடிக்கும் கைவேலையும் ஒழுங்குபெற்றது. கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்3ஐ அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய்ப் பார்ப்பது முதல் படி. அது வந்தால் கர்னல் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் க்ரப் என்ற துவக்கப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்து துவக்கிப் பார்ப்பது. அதில் திரை வந்தால் குற்றவாளி ஏறத்தாழ அகப்பட்டாயிற்று. நோமோட்செட் என்ற துவக்க அளவுரு, கேஎம்எஸ்ஸை நிறுத்திவிட்டு முரட்டுத்தனமாக ஒரு படத்தைக் கொண்டுவரும். இதையே நிரந்தர மருந்தாக வைத்துக்கொண்டு திரை மந்தமாகிவிட்டது என்று புலம்புபவர்கள் உண்டு. அந்த அளவுரு டிரைவரையே முடக்குகிறது என்பதால் மந்தம் வராமல் இருந்தால்தான் வியப்பு. வரைவது யார் என்று கணினியைக் கேட்டு எல்எல்விஎம்பைப் என்று பதில் வந்தால், கார்டு சும்மா இருக்கிறது, செயலியே படம் வரைகிறது என்று பொருள்.

2016இல் வந்த உபுண்டு 16.04 மேம்படுத்துபவர்களுக்கு இரண்டு புதிய கண்ணிகளைச் சேர்த்தது. ரேடியான் கார்டுகளுக்கான ஏஎம்டியின் மூடிய எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் டிரைவர் அந்தப் பதிப்பில் நீக்கப்பட்டது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத டிரைவரை ஏற்ற கர்னல் மறுத்தது. மேம்படுத்தும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். மறுதுவக்கத்தில் நீலத் திரை ஒன்று அதைத் திரும்பக் கேட்கும். புரியாமல் தொடர் என்று அழுத்தினால் என்விடியா டிரைவர் ஏறாது. அதன் பொதி நூவோவையும் ஏற்கெனவே தடைசெய்திருக்கும். இரண்டும் இல்லாமல் 1024 அகலத் திரை மட்டும் மிஞ்சும்.

கர்னல் உருவாக்குநர்களுக்கும் என்விடியாவுக்கும் இடையே இருந்த கசப்பு அதற்கு முன்பே, 2012இல் வெளிப்படையானது. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டினார். 2022 மே மாதத்தில் அந்த நிறுவனம் தன் கர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்தது. பழைய தலைமுறைக் கார்டுகளுக்கு அது பயன்படாது.

திறந்த நிரல் என்பதும் காப்பு இல்லை என்பதை அதே ஆண்டின் செப்டம்பர் இறுதியில் கர்னல் 5.19.12 காட்டியது. இன்டெல் கார்டு உள்ள சில மடிக்கணினிகளில் திரை வெள்ளையாக மினுக்கத் தொடங்கியது. நிலையான கிளைக்குப் புதிய திருத்தங்களைக் கொண்டுவந்தபோது அவை சார்ந்திருந்த முந்தைய திருத்தங்கள் விடுபட்டிருந்தன. அதனால் எல்சிடி பலகைக்கு மின்சாரம் கொடுக்கும், நிறுத்தும் இடைவெளிகள் தப்பாகிப்போயின. பலகைக்கே தீங்கு நேரலாம் என்று இன்டெல் பொறியாளர் வில்லே சியுர்யாலா எச்சரித்தார். அக்டோபர் தொடக்கத்தில் 5.19.13 வந்து அந்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றது. மோட்லைனைக் கையால் எழுதும் வேலை ஒழிந்து நெடுநாள் ஆகியும், திரையை மென்பொருள் கெடுக்கும் ஆபத்து ஒழியவில்லை.

கடைசிப் பங்கீட்டு மாற்றம் வேலண்ட். கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய இது எக்ஸ் வழங்கியையே நடுவிலிருந்து எடுத்துவிட்டு, படத்தைச் சேர்க்கும் வேலையை மேசைத்தளச் சூழலிடமே கொடுத்தது. ஃபெடோரா 2016இல் இதற்கு மாறியது, உபுண்டு 17.10இல் மாறி, 18.04இல் எக்ஸுக்குத் திரும்பி, 21.04இல் மறுபடி மாறியது. என்விடியா வேறொரு நினைவகப் பகிர்வு முறையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அதன் கார்டுகளில் வேலண்ட் பல ஆண்டுகள் தள்ளாடியது. 2021இல் 495 டிரைவரில் பொது வழியான ஜிபிஎம் வந்தது. படம் வரைந்து முடிவதற்குள் காட்டிவிடுவதால் வந்த மினுக்கல், வெளிப்படை ஒத்திசைவு நெறிமுறையும் 555 டிரைவரும் வந்த 2024இல்தான் அடங்கியது. 2025இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 எக்ஸ்.ஆர்க் வழங்கியை நீக்கியது, உபுண்டு 25.10இன் க்னோம் மேசைத்தளத்தில் எக்ஸ் அமர்வு கிடையாது. பழைய எக்ஸ் செயலிகள் எக்ஸ்வேலண்ட் வழியே ஓடுகின்றன. கோளாறு என்றதும் எக்ஸ்.ஆர்க் பதிவுக் கோப்பைத் திறந்து பிழை வரிகளைத் தேடியவர்களுக்கு இந்தப் பதிப்புகளில் அந்தக் கோப்பே இல்லை. முந்தைய துவக்கத்தின் கணினிப் பதிவேட்டில், கர்னல் செய்திகளுக்கும் மேசைத்தளச் செய்திகளுக்கும் நடுவில்தான் இப்போது தேடவேண்டும்.