குழாய்வழி அறிவிப்புக் கடமை: மலேசியாவிலும் பினாங்கிலும்

குழாய்வழி அறிவிப்புக் கடமை என்பது எரிவாயு, கச்சா எண்ணெய், பெட்ரோல் முதலிய தீப்பற்றும் பொருள்களை நிலத்தடிக் குழாய்களில் நெடுந்தூரம் கொண்டுசெல்லும் நிறுவனத்துக்கு உரிய பொறுப்பாகும். குழாய் எங்கே புதைந்திருக்கிறது, அதில் என்ன ஓடுகிறது, கசிந்தால் எப்படித் தெரியும், தெரிந்தால் யாரை அழைத்து எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பவற்றை, வழியில் குடியிருப்போருக்கும் நிலம் தோண்டுவோருக்கும் தீயணைப்பு, காவல் துறையினருக்கும் ஊராட்சி மன்றங்களுக்கும், அவர்கள் கேட்பதற்கு முன்பே காலமுறைப்படி சொல்லிவைப்பது அதன் உள்ளடக்கம். இக்கடமை வேறு, குழாயைச் சேதப்படுத்தக் கூடாது என்று பொதுமக்கள் மீது சுமத்தப்படும் தடை வேறு. முன்னது நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது, பின்னது அண்டைவீட்டாரைக் கட்டுப்படுத்துவது. பல நாடுகளின் சட்ட வரலாற்றில் பின்னதே முதலில் எழுதப்பட்டது. மலேசியாவும் அதற்கு விலக்கன்று.

மலேசியாவில் நெடுந்தூர எரிவாயுக் குழாய்களின் வரலாறு பெட்ரோனாஸின் வரலாற்றோடு பிணைந்தது. 1974-ஆம் ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் நாட்டின் எண்ணெய், எரிவாயு வளங்களின் உரிமை அத்தேசிய நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 1983-இல் அதன் துணை நிறுவனமான பெட்ரோனாஸ் கேஸ் தோன்றியது. மறு ஆண்டில் திரெங்கானுவின் கெர்த்தேவை மையமாகக் கொண்ட தீபகற்ப எரிவாயுப் பயன்பாட்டுத் திட்டத்தின் முதற்கட்டம் செயல்படத் தொடங்கியது. இரண்டாம் கட்டம் குழாயைத் தெற்கே ஜொகூர் வழியாகச் சிங்கப்பூருக்கும் மேற்கே கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் கொண்டுவந்தது. 1990களில் போடப்பட்ட மூன்றாம் கட்டம் சிலாங்கூரின் மேருவிலிருந்து பேராக், பினாங்கு, கெடா மாநிலங்களின் ஊடாகப் பெர்லிஸ் வரை நீண்டது. இன்று இவ்வலையின் மொத்த நீளம் 2,500 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

பினாங்கு மாநிலத்தில் இக்குழாய் நிலப்பகுதியான செபராங் பிறையோடு தொடர்புடையது. பிறைத் தொழிற்பேட்டையின் ஆலைகளும், 2003-இல் இயங்கத் தொடங்கிய 350 மெகாவாட் மின்னிலையமும், 2016-இல் அதனருகே எழுந்த 1,071 மெகாவாட் மின்னிலையமும் எரிவாயுவை நம்பி இயங்குபவை. 1992-இல் நிறுவப்பட்ட கேஸ் மலேசியா நிறுவனம் இந்த நெடுந்தூரத் தலைக்குழாயிலிருந்து வாயுவைப் பெற்று, அழுத்தத்தைக் குறைத்துத் தொழிற்சாலைகளுக்கு விநியோகிக்கிறது. ஜார்ஜ் டவுன் அமைந்துள்ள தீவிலோ சமையல் எரிவாயு பெரும்பாலும் உருளைகளிலேயே வீடுவந்து சேர்கிறது. தீவுவாசி ‘கேஸ்’ என்று சொல்லும்போது அவர் மனத்தில் எழுவது கண்ணுக்குத் தெரியும் இரும்பு உருளை. நீரிணைக்கு அப்பால் மண்ணுக்கடியில் ஓடுவதை அச்சொல் அவருக்கு நினைவூட்டுவதில்லை. அறிவிப்புக் கடமை ஏன் நிறுவனத்தின் தலையில் வைக்கப்பட வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணமாகும், ஏனெனில் காணாத பொருளைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சட்டங்கள் குழாய்களுக்குப் பின்னாலேயே நடந்துவந்தன. 1984-இன் பெட்ரோலியப் பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டமும், அதன் கீழ் 1985-இல் குழாய்வழிப் போக்குவரத்துக்கென வெளியான விதிகளும் உயரழுத்தக் குழாய்களின் பாதுகாப்பைத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தன. பேச்சுவழக்கில் ‘டோஷ்’ எனப்படுவது இத்துறையே. விநியோகக் குழாய்களுக்கு 1993-ஆம் ஆண்டு எரிவாயு விநியோகச் சட்டம் வந்தது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட எரிசக்தி ஆணையத்துக்குச் சேர்ந்தது. ஆக, தலைக்குழாய்க்கு ஒரு காவலர், கிளைக்குழாய்க்கு இன்னொரு காவலர் என்ற பிரிவினை உருவாயிற்று. நிலமோ கூட்டரசு அரசியலமைப்பின்படி மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. குழாய்க்குப் பக்கத்தில் வீடு கட்டலாமா என்பதை 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி தீர்மானிப்பது ஊராட்சி மன்றம். செபராங் பிறையில் அது 2019-இல் மாநகராட்சித் தகுதி பெற்ற மன்றமாகும். குடியிருப்பாளர் ஒருவர் தம் வீட்டுக்குப் பின்னால் என்ன புதைந்திருக்கிறது என்று அறிய விரும்பினால் இந்த மூன்று கதவுகளில் எதைத் தட்டுவது என்பதே தெளிவற்றதாயிற்று.

பொதுமக்களுக்குத் தகவல் தருவது பற்றிய கருத்து மலேசியச் சட்டத்துக்குள் நுழைந்தது குழாய்களால் அன்று, தொழிற்சாலை விபத்துகளால். 1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கிள்ளான் துறைமுகத்தில் சூன் ஹோங் 3 என்ற கப்பல் வெடித்துத் தீ பரவியது. இவற்றின் நிழலில் 1994-இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், 1996-இல் பெருந்தொழில் விபத்து அபாயக் கட்டுப்பாட்டு விதிகளும் பிறந்தன. பேரபாயப் பொருள்களைக் கையாளும் நிலையங்கள் அண்டையில் வாழ்வோருக்கு அபாயத்தின் தன்மையையும் அவசர வேளையில் செய்ய வேண்டியதையும் தெரிவிக்க வேண்டும் என்பது அவ்விதிகளின் புதுமை. ஆனால் அவற்றின் முதன்மை நோக்கு வேலியும் வாசற்கதவும் உள்ள நிலையங்களின் மீதே இருந்தது; வேலியே இல்லாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் குழாய்க்கு ‘அண்டை’ என்பது எது?

1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இவ்விடத்தில் கூர்ந்து படிக்கத்தக்கது. முதலாளியின் செயலால் அவருடைய ஊழியர் அல்லாதோரும் ஆபத்துக்கு உள்ளாகாதிருக்கச் செய்வது அவர் கடமை என்று அது பொதுவாகக் கூறுகிறது. தொடர்ந்து, அத்தகையோருக்குப் பாதுகாப்புத் தகவல்களைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது, ஆனால் ‘வகுத்துரைக்கப்பட்ட சூழ்நிலைகளில், வகுத்துரைக்கப்பட்ட முறையில்’ என்ற வரையறையோடு சொல்கிறது. அதாவது தனி விதி ஒன்று எழுதப்பட்டால் மட்டுமே அக்கடமைக்கு உயிர் வரும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்த மொழியில், எத்தனை மீட்டர் தூரத்துக்குள் என்ற கேள்விகளுக்கு அப்பிரிவுக்குள் விடை தேடுவது வீண். தண்டனையோ தொடக்கத்தில் 50,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத அபராதம் அல்லது இரண்டாண்டுக்கு மேற்படாத சிறை அல்லது இரண்டுமாக இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அபராத உச்சவரம்பைப் பத்து மடங்காக்கி 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியது. திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2024 ஜூன் 1-ஆம் நாள்.

பத்து மாதங்கள் கழிந்து, 2025 ஏப்ரல் 1-ஆம் நாள், நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை எட்டு மணியளவில், சிலாங்கூரின் சுபாங் ஜெயாவை அடுத்த புத்ரா ஹைட்ஸில் தீபகற்ப வலையின் தலைக்குழாய் வெடித்தது. அடைப்பிதழ்கள் மூடப்பட்ட பின்னும் குழாயில் எஞ்சிய வாயு மணிக்கணக்கில் எரிந்தது. வெப்பம் 1,000 பாகை செல்சியஸை எட்டியதாகத் தீயணைப்புத் துறை தெரிவித்தது. உயிர்ச்சேதமின்றித் தப்பியது வியப்புக்குரியது என்றாலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர், வீடுகளும் வாகனங்களும் கருகின. விருந்தினர் வந்திருந்த வீடுகளிலிருந்து மக்கள் வெறுங்காலோடு எத்திசையில் ஓடுவதென்று அறியாமல் ஓடினர். அருகே நடந்துவந்த மண் தோண்டும் வேலையின் மீதுதான் முதல் ஐயம் விழுந்தது. பொதுமக்கள் குழாயைச் சேதப்படுத்துவார்கள் என்பதே பழக்கப்பட்ட கதையாக இருந்ததால் அந்த ஐயம் இயல்பாகவே எழுந்தது. ஜூன் 30-ஆம் நாள் வெளியான டோஷ் அறிக்கையோ, குழாய்க்கு அடியிலிருந்த மண் உரிய தாங்குதலைத் தராததால் குழாய் திரும்பத் திரும்ப வளைவழுத்தத்துக்கு உட்பட்டு, உலோகச் சோர்வால் முறிந்தது என்று முடிவுரைத்தது. உலோகச் சோர்வு என்பது, ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது சட்டென ஒடிவது போன்ற நிகழ்வு. காவல்துறை விசாரணை நாசவேலையையோ குற்றச்செயலையோ கண்டறியவில்லை.

தோண்டுவோரை எச்சரிக்கும் பலகைகள் எத்தனை நட்டாலும் இத்தகைய விபத்தைத் தடுத்திருக்க முடியாது என்பதை அம்முடிவு காட்டுகிறது. ஆகவே எச்சரிக்கைப் பலகையையே அறிவிப்பின் முழு வடிவமாகக் கருதும் பழக்கம் போதாது. குழாயைக் காக்கும் அறிவிப்பு வேறு, மக்களைக் காக்கும் அறிவிப்பு வேறு. பின்னதற்குத் தப்பும் வழியும் கூடுமிடமும் ஒத்திகையும் தேவை.

இந்த வேறுபாட்டைச் சட்டமொழியில் தெளிவாக வடித்த நாடு அமெரிக்கா எனலாம். அங்கும் பாடம் சாவுகளிலிருந்தே வந்தது: 1999-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் பெட்ரோல் குழாய் வெடித்து மூவரும், 2000-இல் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாடு அருகே எரிவாயுக் குழாய் வெடித்துப் பன்னிருவரும் இறந்தனர். 2002-ஆம் ஆண்டுச் சட்டமும், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2003-இல் வெளியிட்ட 1162-ஆம் எண் பரிந்துரை நெறியும், அந்நெறியைக் கட்டாயமாக்கிய கூட்டரசு விதிகளும் அடுத்தடுத்து வந்தன. அவற்றின்படி தலைக்குழாய் வழியில் குடியிருப்போருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அவசரப் பணியாளருக்கும் தோண்டுவோருக்கும் ஆண்டுதோறும் தகவல் சென்றாக வேண்டும். சென்றது மனத்தில் பதிந்ததா என்று நிறுவனமே அளந்து பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலம் அறியாதோர் கணிசமாக வாழும் வட்டாரத்தில் அவர்கள் மொழியிலும் சொல்ல வேண்டும்.

விதி இருந்தும் 2010 ஜூலையில் மிச்சிகனின் மார்ஷல் நகரருகே எண்ணெய்க் குழாய் உடைந்து 17 மணி நேரம் கண்டறியப்படாமல் கிடந்தது. வாடை பற்றிய அழைப்பைக் கேட்டுச் சென்ற தீயணைப்பு வீரர்கள் எரிவாயுக் கசிவையே தேடி அலைந்தனர், ஏனெனில் அவ்விடத்தில் எண்ணெய்க் குழாய் இருப்பது அவர்கள் நினைவில் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் சான் புரூனோவில் எரிவாயுக் குழாய் வெடித்து எண்மர் இறந்தனர். குழாயின் உரிமை நிறுவனத்துக்கு 2015-இல் மாநில ஆணையம் 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. 2016-இல் குற்றவாளி எனத் தீர்ப்பான அந்நிறுவனம், தன் குற்றங்களைத் தானே தொலைக்காட்சி விளம்பரங்களில் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மறு ஆண்டு நீதிமன்றம் கட்டளையிட்டது. அறிவிப்புக் கடமை தண்டனையாகவே மாறிய அரிய நிகழ்வு அது.

ஆசியாவில் 2014 ஜூலை 31 இரவு தைவானின் காவ்சியோங் நகரில் நடந்தது இதைவிடக் கொடியது. வடிகாலுக்குள் சென்ற வேதிவாயுக் குழாய் அரித்துக் கசிந்தது. வாடை வீசும் தெருக்களில் மணிக்கணக்கில் நின்ற தீயணைப்பு வீரர்களுக்கும் காலடியில் ஓடுவது எது, யாருடையது என்பது தெரியவில்லை. வெடிப்பில் 32 பேர் மாண்டனர். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் 27-ஆம் நாள், ஆந்திரத்தில், அப்போது கிழக்குக் கோதாவரி மாவட்டத்தில் இருந்த நகரம் என்னும் சிற்றூரில், கெயில் எரிவாயு நிறுவனத்தின் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். இந்தியாவில் குழாய் நிலங்களை ஆளும் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தின் உரிமையை எடுக்காமல் பயன்பாட்டுரிமையை மட்டும் எடுப்பது; 2011-இல் அது திருத்தப்பட்டபோது குழாயைச் சேதப்படுத்துவோருக்கான தண்டனை கடுமையாக்கப்பட்டது. 2013-இல் கொங்கு மண்டல உழவர்கள் கெயில் குழாயை விளைநிலத்தில் விடாமல் நெடுஞ்சாலையோரம் கொண்டுசெல்லக் கோரிப் போராடியதும், தமிழக அரசு அதை ஏற்றதும், 2016-இல் உச்ச நீதிமன்றம் அரசின் நிலையை நிராகரித்ததும் தமிழ் வாசகர்கள் அறிந்தவையே.

மலேசியாவுக்குள்ளும் புத்ரா ஹைட்ஸுக்கு முன்னோடிகள் உண்டு. சரவாக்கின் லாவாஸ் வட்டாரத்தில் சபா–சரவாக் எரிவாயுக் குழாய் 2014 ஜூனிலும் மறுபடி 2020 ஜனவரியிலும் வெடித்தது. காட்டோரச் சிற்றூர்களின் அச்சம் தீபகற்பத்து நாளேடுகளில் நெடுநாள் நிற்கவில்லை. இன்னொரு குழாயைப் பற்றியோ நாடே அறிந்தது, ஆனால் பாதுகாப்புக் காரணமாக அன்று: மலாக்காவிலிருந்து கெடாவின் ஜித்ரா வரை 600 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட எண்ணெய்ப் பொருள் குழாயும் சபாவின் எரிவாயுக் குழாயும் சேர்ந்த 940 கோடி ரிங்கிட் ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 13 விழுக்காட்டு வேலைக்கு 88 விழுக்காட்டுப் பணம் கொடுபட்டிருந்ததை 2018 ஜூனில் அன்றைய நிதியமைச்சரும் பினாங்கின் முன்னாள் முதலமைச்சருமான லிம் குவான் எங் வெளியிட்டார். அவ்வாண்டே திட்டம் நிறுத்தப்பட்டது.

அறிவிப்புக் கடமையின் தொழில்நுட்ப அடிப்படை வரைபடம். மலேசிய நில அளவை, வரைபடத் துறை 2006-இல் நிலத்தடிப் பயன்பாட்டு வரைபடங்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டு, தேசியத் தரவுத்தளம் ஒன்றையும் உருவாக்கியது. அவ்வழிகாட்டி தரவின் நம்பகத்தை நான்கு தரங்களாகப் பிரிக்கிறது: மண்ணைத் திறந்து குழாயைக் கண்ணால் கண்டு அளந்தது முதல் தரம், பழைய பதிவேட்டிலிருந்து வரைந்தது கடைசித் தரம். வரைபடத்தில் இரண்டும் கோடாகவே தெரியும் என்பதால், தரத்தைச் சொல்லாமல் கோட்டை மட்டும் காட்டும் அறிவிப்பு தோண்டுவோரை ஏமாற்றவும் கூடும்.

மொழியும் அதற்கு இணையான கேள்வியாகும். செபராங் பிறையில் மலாய், சீனம், தமிழ் பேசுவோரோடு வங்கதேசம், நேப்பாளம், மியன்மார் நாடுகளின் தொழிலாளரும் வாழ்கின்றனர். தொழிற்பேட்டை விடுதிகளில் தங்குவோருள் பெரும் பங்கினர் அவர்களே. பல மொழிகளில் அபாயச் செய்தியைக் கொண்டுசேர்ப்பது பினாங்குக்குப் புதிதன்று. 1969-இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், எஸ். எம். முகமது இத்ரீஸ் 2019-இல் மறையும்வரை தலைமையேற்று நடத்திய காலத்திலேயே, தன் பயனீட்டாளர் ஏட்டை மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளியிட்டுவந்தது. பூச்சிமருந்தும் உணவுக் கலப்படமும் அதன் பக்கங்களில் விளக்கப்பட்டது ஒரு தன்னார்வச் சங்கத்தின் செலவில். குழாய் நிறுவனத்துக்கு அத்தகைய கடமையை 17-ஆம் பிரிவின் கீழ் விதியாக்க நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை, அமைச்சர் வகுக்கும் ஓர் ஒழுங்குவிதியே போதும்.