அச்சு டிசைனரா? வெப்புக்கு மாறும் முன் தெரிய வேண்டியவை

பத்திரிகை லேஅவுட், பிரோஷர், கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் பேனர் என்று சில வருடங்கள் ஓட்டிவிட்டு, 'இனி வெப் டிசைன்தான்' என முடிவெடுத்திருக்கிறீர்களா? பலரும் முதலில் ஃபிக்மா கற்கப் போவார்கள். ஃபோட்டோஷாப், இன்டிசைன் பழகிய கைக்கு அது சீக்கிரமே வந்துவிடும். கஷ்டம் கொடுப்பது, காகிதம் கற்றுக்கொடுத்த பழக்கம்.

ஏ4 என்றால் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். தலைப்பை எங்கே வைத்தீர்களோ அங்கேயே நிற்கும். வெப்பில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஒருவர் சின்ன மொபைலில் பார்ப்பார், இன்னொருவர் ஆபீஸ் மானிட்டரில். மூன்றாமவர் கண் சிரமத்துக்காக எழுத்தைப் பெரிதாக்கியிருப்பார். இதைக் குறையாக நினைக்காதீர்கள், வெப்பின் இயல்பே இதுதான் என்று 2000-இலேயே 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழில் எழுதினார் ஜான் ஆல்சாப். பத்து வருடம் கழித்து அதே இதழில், திரைக்கேற்ப நெகிழும் வடிவமைப்புக்கு 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்று பெயர் வைத்தார் ஈத்தன் மார்கோட்.

அதனால் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படையைக் கற்பது அவசியம். டெவலப்பர் ஆவதற்காக அல்ல. நீங்கள் வரைந்த பெட்டி, உள்ளே வார்த்தை கூடினால் என்னவாகும் என்று புரிவதற்காக. சிஎம்ஒய்கே-விலிருந்து ஆர்ஜிபி-க்கு மாறுவதெல்லாம் ஒரு நாள் வேலை. ஆனால் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல்.

இந்திய மொழிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டிடிபி சென்டர்களில் தமிழுக்கு பாமினி, இந்திக்கு க்ருதி தேவ் போன்ற ஃபான்ட்கள் ஓடின. அவற்றில் கம்ப்யூட்டர் சேமிப்பது ஆங்கில எழுத்துகளை. ஃபான்ட்தான் அதைத் தமிழாகவோ இந்தியாகவோ காட்டும். அச்சில் பிரச்னை தெரியாது. அதையே காப்பி செய்து வெப்சைட்டில் போட்டால் கிறுக்கல்தான் வரும். தமிழில் தேடினால் கிடைக்காது, பார்வையற்றவர்களின் ஸ்க்ரீன் ரீடரும் உளறும். பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றத் தெரிவதே ஒரு தனித் திறமை.

தமிழில் வேறு தொல்லையும் உண்டு. 'சப்மிட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. 'கி', 'கூ' போன்றவற்றின் உயிர்க்குறிகள் மேலும் கீழும் நீள்வதால், ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி நெருக்கியடிக்கும். தமிழில் பக்கம் கட்டிப் பழகிய உங்கள் கண் இதை உடனே பிடித்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் டிசைன் செய்து பழகியவருக்குப் பெரும்பாலும் படாது. இன்டர்வியூவில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

போர்ட்ஃபோலியோவை பிடிஎஃப்-ஆக அனுப்பாதீர்கள். நீங்கள் செய்த ஒரு மூன்று மடிப்பு பிரோஷரை, கிளையன்ட் அனுமதியோடு, இயங்கும் வெப் பக்கமாக மாற்றுங்கள். கிட்ஹப் பேஜஸில் இலவசமாகவே ஏற்றலாம். எந்த மடிப்பு மொபைலில் முதலில் வர வேண்டும், ஏன் என்று பக்கத்திலேயே நான்கு வரி எழுதுங்கள்.

சம்பள விஷயம்: பத்து வருட அச்சு அனுபவத்தை எல்லா நிறுவனமும் பத்து வருடமாகக் கணக்கில் எடுக்காது. ஜூனியர் பதவி, குறைந்த சம்பளம் வரலாம். அதற்கு வீட்டில் கையிருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ராஜினாமா கடிதம் எழுதுங்கள்.