நாசகாரி என்றொரு பெயர்
மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ‘வம்பயர்’

சிங்கள அயலவர்கள் எம்மை ‘மரக்கல மினிஸ்ஸு’ என்று அழைப்பதுண்டு. மரக்கலத்து மனிதர்கள் என்பது அதன் பொருள். கடலைக் காண வேண்டுமானால் ஒருநாள் பயணம் போக வேண்டிய யட்டவத்தைப் போன்ற மலைநாட்டு ஊர்களில் வாழ்கின்ற எம்மையும் இந்தப் பெயர் விட்டுவைக்கவில்லை. ஆனால் எமது கடல் வரலாற்றை நாம் எழுதும்போது அது அரபிகளின் பாய்க்கப்பல்களோடு தொடங்கி, போர்த்துக்கேயர் வருகையோடும் குஞ்ஞாலி மரைக்காயர்களின் போராட்டத்தோடும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிந்திய கடல் வேறு யாருக்கோ உரியது என்பதுபோல் நாம் கரையேறி விடுகிறோம். இருபதாம் நூற்றாண்டில், காத்தான்குடியும் ஏறாவூரும் அமைந்திருக்கும் அதே மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் நடந்த ஒரு பெருஞ்சமரைப் பற்றி எமது எழுத்துகளில் நான் படித்தது மிகவும் சொற்பம்.

இக்கட்டுரை அந்தச் சமரில் மூழ்கிய ஒரு சிறிய கப்பலைப் பற்றியது. ‘வம்பயர்’ என்பது அதன் பெயர். இரத்தம் குடிக்கும் பேய் என்று அர்த்தம். அதன் வகை ‘நாசகாரி’. பெயரும் வகையும் சேர்ந்து அச்சமூட்டுகின்றன. ஆயினும் அதன் இருபத்தைந்து வருட சேவை வரலாற்றை வரிசையாகப் படித்து வரும்போது, அது நாசம் செய்த கதையை விடவும் காவல் காத்த கதையும் காப்பாற்றிய கதையுமே அதிகம் என்பது தெரியவரும்.

நாசகாரி என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோர்பிடோ எனும் நீரடிக் குண்டை ஏவும் சிறு படகுகள் பெரும் போர்க்கப்பல்களுக்கு எமனாக வந்தன. அந்தப் படகுகளை விரட்டி அழிப்பதற்காகக் கட்டப்பட்ட வேகமான கப்பல்களே ‘டோர்பிடோப் படகு நாசகாரிகள்’. பின்னர் முன்னொட்டு உதிர்ந்து நாசகாரி என்பது மட்டும் எஞ்சியது. காலப்போக்கில் நீர்மூழ்கிகளைத் தேடுவதும், வணிகக் கப்பல் தொடர்களுக்குத் துணை போவதும், பெரிய கப்பல்களைச் சூழ்ந்து நின்று காப்பதும் அவற்றின் வேலையாயின. பெரிய கப்பலுக்குக் கனத்த இரும்புக் கவசம் இருக்கும். நாசகாரிக்கு அது கிடையாது. வேகந்தான் அதன் கவசம்.

வம்பயர் இங்கிலாந்தின் வைற் தீவிலுள்ள கோவ்ஸ் நகரில் கட்டப்பட்டது. 1917 மே மாதம் நீரில் இறக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டெம்பரில் சேவையில் சேர்ந்தது. 312 அடி நீளம். நான்கு அங்குல வாயுடைய நான்கு பீரங்கிகள். மணிக்கு 34 கடல்மைல் வேகம். முதலாம் உலக யுத்தத்தின் கடைசிப் பகுதியை அது கண்டது. 1933இல் பிரித்தானியா இதனையும் ஸ்டுவர்ட், வென்டெற்றா, வொயேஜர், வோட்டர்ஹென் ஆகிய வேறு நான்கு கப்பல்களையும் அவுஸ்திரேலியக் கடற்படைக்கு வழங்கியது. அப்போதே அவை பழைய கப்பல்கள்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டதும் 1939 ஒக்டோபரில் இந்த ஐந்தும் அவுஸ்திரேலியாவை விட்டுப் புறப்பட்டு, ஆண்டு முடிவதற்குள் மத்தியதரைக் கடலை அடைந்தன. ஜேர்மனியப் பிரசார அமைச்சர் கொயபெல்ஸ் இவற்றைப் பழைய இரும்புக் குவியல் என்று எள்ளி நகையாடியதாகச் சொல்வர். மாலுமிகள் அந்த ஏளனத்தையே பட்டமாக எடுத்துச் சூடிக்கொண்டார்கள். ‘பழைய இரும்புப் படையணி’ என்ற பெயர் அவுஸ்திரேலியக் கடற்படை வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அந்தப் பழைய இரும்பு செய்த வேலையைப் பாருங்கள். 1940 ஜூலையில் இத்தாலியக் கடற்படையோடு கலாபிரியாவுக்கு அப்பால் நடந்த சமரில் வம்பயர் இருந்தது. லிபியக் கரையிலுள்ள தோப்ரூக்கில் இருந்த படைகளுக்குப் பொருள் கொண்டுபோனது. 1941 ஏப்ரலில் கிறீஸ் நாடு ஜேர்மனியரிடம் வீழ்ந்தபோது, அங்கிருந்து ஐம்பதினாயிரத்துக்கும் அதிகமான படையினரைக் கடல்வழியாக மீட்டெடுத்த கப்பல்களில் அதுவும் ஒன்று. கொண்டுபோய்க் கொடுத்தலும் ஏற்றிக்கொண்டு வருதலுமே அதன் அன்றாடம். இயந்திரங்கள் தேய்ந்துபோன நிலையில் 1941 மே மாதம் மத்தியதரைக் கடலை விட்டு, பழுதுபார்ப்பதற்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டது.

ஓய்வு கிடைக்கவில்லை. 1941 டிசெம்பர் 8ஆந் திகதி யப்பானியர் மலாயாவில் தரையிறங்கினர். அன்று மாலையே ‘பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு பெருங்கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டன. அவற்றுக்குக் காவலாகச் சென்ற நாசகாரிகள் நான்கு: எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், டெனிடொஸ், வம்பயர். விமானப் பாதுகாப்பு இல்லாமற் போன அந்த அணியை 10ஆந் திகதி குவாந்தான் கரைக்கு அப்பால் யப்பானிய விமானங்கள் தாக்கின. இரு பெருங்கப்பல்களும் மூழ்கின. 840 பேர் மாண்டனர். சுமார் 2,000 பேர் உயிர் தப்பினர். எண்ணெய் படர்ந்த கடலிலிருந்து அவர்களை ஏற்றியவை எஞ்சி நின்ற சிறிய நாசகாரிகளே. எரிபொருள் குறைந்ததால் டெனிடொஸ் முன்னரே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. வம்பயர் மட்டும் இருநூறுக்கும் அதிகமானோரைத் தன் குறுகிய தளத்தில் ஏற்றிக்கொண்டது. அதன் சொந்த மாலுமிகளை விட அது அதிகமான தொகை.

அடுத்த மாதம், 1942 ஜனவரி 26ஆந் திகதி இரவு, மலாயாவின் எண்டாவில் தரையிறங்கிய யப்பானியரைத் தாக்குமாறு வம்பயரும் ‘தானெற்’ என்ற மற்றொரு பழைய நாசகாரியும் அனுப்பப்பட்டன. பெரும் எதிரியணியொன்று அங்கே காத்திருந்தது. தானெற் மூழ்கியது. வம்பயர் ஏவிய டோர்பிடோக்கள் இலக்கைத் தவறவிட்டன. இருளில் அது தப்பி வந்தது. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வம்பயர் இலங்கைக்கு வந்து சேர்ந்தது.

அன்றைய இலங்கையின் நிலையை நினைவூட்டிக்கொள்வது நல்லது. மார்ச் 8ஆந் திகதி ரங்கூன் வீழ்ந்தது. நாம் உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியாவும் பறிபோன பின்பு நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே செல்ல வேண்டியிருந்தது. உள்ளே வர வேண்டிய சோறும் வெளியே போக வேண்டிய இறப்பரும் கடலையே நம்பியிருந்தன. அந்தக் கடல்வழியைக் காக்க வேண்டிய பிரித்தானிய கிழக்குக் கடற்படையோ, முஸ்லிம்கள் வாழும் மாலைதீவின் தென்கோடியில், அத்து அட்டோலில், யப்பானியர் அறியாத ஓர் இரகசியத் தளத்தை வைத்துக்கொண்டு பதுங்கி நின்றது.

ஏப்ரல் 4ஆந் திகதி கனேடிய விமானி லெனார்ட் பர்ச்சோல், இலங்கையை நோக்கி வரும் யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மலாயாக் கடலில் வம்பயருடன் காவல் சென்ற டெனிடொஸ், கொழும்புத் துறைமுகத்திலேயே மூழ்கடிக்கப்பட்டது. அதே தினம் இலங்கைக்குத் தென்மேற்கே ‘டோர்செற்ஷயர்’, ‘கோர்ன்வோல்’ என்ற இரு குரூசர்கள் மூழ்கி, 424 பேர் மாண்டனர்.

அப்போது வம்பயர் திருகோணமலையில் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்குக் காவலாக இருந்தது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் ஹேர்மிஸ். அடுத்த இலக்கு திருகோணமலை என்பது உணரப்பட்டதும், ஏப்ரல் 8ஆந் திகதி இரவு இரண்டையும் துறைமுகத்தை விட்டு வெளியேறித் தெற்கே செல்லுமாறு உத்தரவு வந்தது. எதிர்பார்த்தபடியே 9ஆந் திகதி காலை திருகோணமலை குண்டுவீச்சுக்கு இலக்கானது. ஹேர்மிஸும் வம்பயரும் அந்நேரம் தப்பியிருந்தன. ஆனால் திருகோணமலைக்குத் திரும்பி வரும் வழியில் யப்பானிய வேவு விமானமொன்று அவற்றைக் கண்டுவிட்டது.

ஹேர்மிஸில் அன்று ஒரு விமானங்கூட இருக்கவில்லை. விமானந்தாங்கி என்ற பெயர் மட்டுமே அதற்கு எஞ்சியிருந்தது. காலை பத்தரை மணிக்குப் பிறகு எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் வந்து சேர்ந்தன. ஏறத்தாழப் பத்தே நிமிடங்களில் ஹேர்மிஸின் கதை முடிந்தது. அதில் இருந்தோரில் 307 பேர் மாண்டனர். அடுத்து வம்பயரின் முறை. அடுத்தடுத்து விழுந்த குண்டுகளில் அது இரண்டாக முறிந்து மூழ்கியது. கட்டளை அதிகாரி கொமாண்டர் மோரனும் மாலுமிகள் சிலரும் அதனோடு போயினர். இரத்மலானையிலிருந்து கிளம்பிய பிரித்தானியப் போர் விமானங்கள், கப்பல்கள் மூழ்கிய பிற்பாடே அவ்விடத்தை அடைந்தன. அன்று அந்தக் கடற்பரப்பில் ‘ஹொலிஹொக்’ என்ற சிறு போர்க்கப்பலும் எண்ணெய்க் கப்பல்களும் கூட மூழ்கடிக்கப்பட்டன.

மருத்துவக் கப்பல் ‘வீற்றா’ அண்மையில் இருந்தது. யப்பானிய விமானங்கள் அதனைத் தாக்கவில்லை. சுமார் 600 பேரை அது கடலிலிருந்து ஏற்றியது. வம்பயரின் மாலுமிகளிற் பெரும்பாலானோர் இவ்வாறுதான் பிழைத்தனர். நான்கு மாதங்களுக்கு முன் குவாந்தான் கடலில் பிறருக்குச் செய்த உதவி, அவர்களுக்கு மட்டக்களப்புக் கடலில் திரும்பக் கிடைத்தது.

இலங்கையைத் தாக்கிய அந்த ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று, இரண்டு மாதங்கள் கழிந்து மிட்வே சமரில் அமெரிக்கரால் மூழ்கடிக்கப்பட்டன. யுத்தத்தின் போக்கு திரும்பியது. அது உலக வரலாறு. எமது மலைநாட்டில் அதன் வரலாறு வேறு விதமாக எழுதப்பட்டது.

எனது உம்மும்மாவுக்கு ஹேர்மிஸையும் தெரியாது, வம்பயரையும் தெரியாது. ஆனால் ‘கூப்பன் காலம்’ என்று தொடங்கினால் அவருக்குப் பேச்சு நிற்காது. 1942இல் வந்த பங்கீட்டு முறையையே அவர் அப்படிச் சொன்னார். அளந்து தரும் அரிசி போதாமல் மரவள்ளியும் பலாக்காயும் சோற்றின் இடத்தைப் பிடித்தன என்பார். பஜிரி என்ற தானியத்தை வாயில் வைக்க முடியாது என்று முகத்தைச் சுளிப்பார். கோதுமை மாவும் பாணும் எம் வீடுகளுக்குள் நிரந்தரமாக நுழைந்தது அந்த வருடங்களில்தான். இறப்பர் மரங்களை வருங்காலம் பற்றிய கவலையின்றி ஆழ வெட்டிப் பால் எடுத்த காலமும் அதுவே. கப்பல் மூழ்கியது கிழக்கில். அதன் அலை வந்து மோதியது எமது குசினியில். மாத்தளையூடாகத் தம்புள்ளைக்குச் சென்று, அங்கிருந்து திருகோணமலைக்குப் பிரியும் வீதியில் இன்றும் நாம் பயணம் செய்கிறோம். கடல் நாம் நினைப்பதுபோல் அவ்வளவு தொலைவில் இல்லை.

இதனைச் சொல்லும்போது ஏகாதிபத்தியக் கடற்படைக்குப் புகழ்மாலை சூட்டுவது என் நோக்கமல்ல. இந்த யுத்தத்தில் சேர்வதா என்று இலங்கை மக்களிடம் எவரும் கேட்கவில்லை. வம்பயர் மூழ்கிச் சரியாக ஒரு மாதத்தில் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் தம் பிரித்தானிய அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததும், அவர்களுள் மூவர் ஓகஸ்டில் தூக்கிலிடப்பட்டதும் அதே யுத்தத்தின் மறுபக்கம். இரண்டு பக்கங்களையும் சேர்த்து வாசிக்கும்போதே எமது 1942 முழுமை பெறும். பெரிய கப்பல்களினதும் அட்மிரல்களினதும் வரலாற்றை வாசித்துப் பழகிய கண்ணுக்கு, பக்கத்தில் நின்ற சிறிய கப்பல் தெரிவதில்லை. அதே கண்ணுக்கு, கரையில் நின்ற மீனவனும் கூப்பன் வரிசையில் நின்ற உம்மும்மாவும் தெரியமாட்டார்கள்.

அவுஸ்திரேலியர் தம் கப்பலை மறக்கவில்லை. 1959இல் சேவைக்கு வந்த மற்றொரு நாசகாரிக்கும் அதே பெயரைச் சூட்டினர். அந்த இரண்டாவது வம்பயர் இன்று சிட்னியிலுள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் மக்கள் ஏறிப் பார்ப்பதற்காக நிற்கிறது. ஹேர்மிஸின் சிதைவு மட்டக்களப்புக்கு அப்பால் சுமார் ஐம்பது மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அதனைக் காணவென்றே வெளிநாட்டுச் சுழியோடிகள் வருகின்றனர். 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலையில் தீப்பற்றிய ‘சகாயிங்’ என்ற வணிகக் கப்பலின் சிதைவை இலங்கைக் கடற்படை 2018இல் மேலே கொண்டுவந்தது. இரும்பை மீட்க ஆட்கள் இருக்கிறார்கள்.

நினைவை மீட்பதுதான் எமது வேலையாக இருக்க வேண்டும். அன்று பத்து வயதுச் சிறுவராக மட்டக்களப்புக் கரையில் நின்று வானத்தில் விமானங்களைக் கண்டவர்கள் இருந்தால், அவர்களுக்கு இன்று வயது தொண்ணூறைத் தாண்டியிருக்கும். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் ஓட்டமாவடியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்கள் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு அத்தகையவர்களின் திண்ணைக்குப் போகவேண்டும். மலைநாட்டில் கூப்பன் காலத்தைக் கேட்டு எழுதும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். மரக்கலத்து மனிதர்கள் என்ற பெயரை முன்னோர் எமக்கு ஈட்டித் தந்தார்கள். எம் கண்முன் மூழ்கிய கப்பல்களின் கதையையும் எமது மொழியில் எழுதி வைத்தால்தான் அந்தப் பெயருக்கு நாமும் ஏதேனும் சேர்த்தவர்களாவோம்.