270 வெள்ளி ரூபாய்

ரக்பியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் மோதி ஜெயிக்கிற கோப்பைக்குப் பெயர் கல்கத்தா கோப்பை. மூன்று கைப்பிடிகள், மூன்றும் நாகப்பாம்புகள். மூடிக்கு மேலே ஒரு யானை. போட்டோவை முதல்முறை பார்க்கிறவர்கள் ஏதோ சமஸ்தானத்துப் பூஜைப் பாத்திரம் என்றுதான் நினைப்பார்கள்.

அது நம்ம ஊர்க் காசு. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ரக்பி ஆடினார்கள். அடுத்த மாதமே ஒரு கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அது ஐந்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த ரெஜிமென்ட் ஊர் மாறியது. கிளப்பில் இலவச மது நின்றது. மிச்சமிருந்தவர்கள் டென்னிஸுக்கும் போலோவுக்கும் போனார்கள். கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்த 270 வெள்ளி ரூபாயை எடுத்து, உருக்கி, கோப்பையாகச் செய்து 1878ல் இங்கிலாந்து ரக்பி யூனியனுக்குக் கொடுத்தார்கள். 1879ல் எடின்பரோவில் அந்தக் கோப்பைக்கான முதல் ஆட்டம் நடந்தது. டிரா. 1988ல் ஆட்டம் முடிந்த இரவு, இரு அணியிலிருந்தும் ஆளுக்கொருவராக இரண்டு வீரர்கள் அதை எடின்பரோ தெருவில் உருட்டி விளையாடி நசுக்கினார்கள் என்பது தனிக்கதை.

ஆக, கோப்பை கப்பலேறிவிட்டது. விளையாட்டு இங்கே என்ன ஆனது என்பதுதான் என் கேள்வி. ஏனென்றால் இந்தியா என்ற பெயரில் ஒரு ரக்பி அணி முதல் சர்வதேச ஆட்டம் ஆடியது 1998ல். அந்த கல்கத்தா கிறிஸ்துமஸிலிருந்து எண்ணினால் 126 வருஷம்.

பழக்கமில்லாத ஆட்டம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. நீள்முட்டை வடிவப் பந்து. கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். பாஸ் கொடுத்தால் பின்பக்கம்தான் கொடுக்கணும். பந்து வைத்திருப்பவனைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கலாம். எங்க பெரம்பலூர், அரியலூர் பக்கம் கபடி ஆடி வளர்ந்த எவனுக்கும் இதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஓடி வருகிறவனின் தொடையைப் பார்த்துக் குனிந்து பிடி போடுவதும், ஒருவன் காலைப் பிடித்ததும் மற்றவன் இடுப்பை அமுக்குவதும் எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. உடம்பு தயாராக இருந்தது. பந்துதான் வரவில்லை.

மதராஸ் வரைக்கும் வந்தது. 1884ல் தொடங்கிய மதராஸ் ஜிம்கானா கிளப் ரக்பி ஆடிய கிளப்தான். 1924ல் அகில இந்திய ரக்பிப் போட்டி ஆரம்பித்தபோது ராணுவ ரெஜிமென்ட்டுகளும் இப்படிப்பட்ட கிளப்புகளும்தான் அதில் மோதின. கிளப் என்றால் உறுப்பினர் அட்டை, வாசலில் காவலாள். மவுண்ட் ரோட்டில் நடந்துபோகிற பையனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. அலுவலகத்துக்குள் மட்டும் ஓடி, வெளியே ரிலீஸே ஆகாத சாஃப்ட்வேர் மாதிரி, எழுதினவன் ஊருக்குப் போனதும் மெயின்டெயின் பண்ண ஆளில்லை.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் வேறொன்று நடந்தது. 1891ல் எல். ஈ. பிளேஸ் என்ற ஆசிரியர் கண்டியில் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் கிங்ஸ்வுட் கல்லூரி ஆன பள்ளி அது. அங்கே பையன்களுக்கு ரக்பி சொல்லிக்கொடுத்தார். 1906ல் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டி கல்லூரியும் மோதியதுதான் இலங்கையின் முதல் பள்ளி ரக்பி ஆட்டம். 1945ல் கொழும்பு ராயல் கல்லூரியின் முதல்வர் பிராட்பி, ராயலுக்கும் டிரினிட்டிக்கும் இடையே ஒரு கேடயத்தை வைத்தார். கொழும்பில் ஓர் ஆட்டம், கண்டியில் ஓர் ஆட்டம், இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி. நம்ம ஊர் மஞ்சுவிரட்டுக்குக் கூடுகிற மாதிரி இன்றைக்கும் அதற்குக் கூட்டம் கூடுகிறது. வெள்ளைக்காரன் போன பிறகும் ஆட்டம் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருஷமும் புதுப் பையன்கள் வந்துகொண்டே இருப்பார்கள் இல்லையா? இலங்கைக்கு இளையோர் தேசிய அணி எடுக்க வீரர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டு நகர முடியவில்லை. கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனவர்களில் திருச்சி மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். 1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டம்தான். தோட்டத் துரைமார்களும் ரக்பி ஆடினார்கள். டிக்கோயா, திம்புள்ள என்று மலையகக் கிளப்புகளே இருந்தன. மைதானத்தைச் சுற்றித் தேயிலை, தேயிலைக்கு நடுவே லயம். ஆனால் லயத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். கிங்ஸ்வுட்டோ டிரினிட்டியோ அவர்களுக்கானது அல்ல. 1948 குடியுரிமைச் சட்டம் வந்தபோது நாடே இல்லாதவர்கள் ஆனார்கள். குடியுரிமை இல்லாதவனுக்குத் தேசிய அணி ஏது? 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியது. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் பிறந்ததும் வளர்ந்ததும் ரக்பி நாட்டில். அந்தப் பந்தைத் தொட்டவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! பள்ளிக்கூடம் ஆட்டத்தைக் காப்பாற்றியது உண்மை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் வாசல் இருந்ததும் உண்மை.

இந்தியாவில் அந்த வாசல் திறந்தது யாரும் எதிர்பார்க்காத இடத்தில். கொல்கத்தாவில் பணியாற்றிய முன்னாள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி பால் வால்ஷ், ஜங்கிள் குரோஸ் என்ற பெயரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ரக்பி கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். அந்தத் தொடர்பு புவனேஸ்வரில் ஆதிவாசிப் பிள்ளைகள் படிக்கும் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தின் விடுதிப் பள்ளிக்குப் போனது. ருத்ராக்ஷ ஜெனா என்ற பயிற்சியாளர் அங்கே பையன்களைத் தயார் செய்தார். 2007ல் 12 பேர் லண்டன் போனார்கள், 14 வயதுக்குட்பட்ட பள்ளி அணிகளுக்கான சர்வதேசப் போட்டிக்கு. இறுதியாட்டத்தில் ஒரு தென்னாப்பிரிக்க அணியை வென்றார்கள். சில மாதப் பயிற்சிதான். 2022ல் ‘ஜங்கிள் க்ரை’ என்று சினிமாவும் வந்தது.

சினிமாவில் வராதது ஒன்று உண்டு. காடும் மொழியும் சொந்த ஊரும் விட்டு ஆயிரக்கணக்கான ஆதிவாசிக் குழந்தைகளை ஒரே விடுதியில் சேர்ப்பது சரியா என்று மானுடவியலாளர்கள் இந்த நிறுவனத்தைக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தட்டிவிட எனக்கு மனசில்லை. அதே நேரம், 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என்று வென்று பதினைந்து பேர் ஆட்டத்தில் தன் முதல் வெற்றியைப் பெற்றபோது, கடைசி நிமிஷங்களில் அந்த பெனால்டியை உதைத்த சுமித்ரா நாயக் அதே பள்ளியில் வளர்ந்தவர். அப்போது அவருக்கு வயது 19. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

உலக அளவில் 20 வயதுக்குட்பட்டோர் சாம்பியன்ஷிப் 2008ல் வேல்ஸில் தொடங்கியது. முதல் நான்கு முறையும் நியூசிலாந்துதான். அது பதினைந்து பேர் ஆட்டம். இந்தியா அந்தப் பக்கமே போனதில்லை. அந்த ஆட்டத்துக்கு எடை வேணும், ஸ்க்ரம்மில் முட்டித் தள்ளப் பழகிய ஆட்கள் வேணும், பல வருஷப் பள்ளி ஆட்டம் வேணும். நமக்கு வழி திறந்தது ஏழு பேர் ஆட்டம். 1883ல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸில் நெட் ஹேய்க் என்ற கசாப்புக்காரர் தன் கிளப்புக்குக் காசு சேர்க்கக் கண்டுபிடித்தது. 2016ல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஒலிம்பிக் என்ற சொல் வந்தால் நம்ம அரசாங்கங்கள் காது கொடுக்கும். ஓடத் தெரிந்த ஏழு பேர் போதும் என்றால் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் இடமுண்டு.

பீகாரில் நடந்தது அதுதான். பதக்கம் கொண்டுவந்தால் அரசு வேலை என்று அந்த மாநிலம் அறிவித்தது. கல்யாணத்தைத் தள்ளிப்போட வீட்டில் சொல்ல ஒரு காரணம் கிடைத்த பெண் பிள்ளைகளுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். 2021 தாஷ்கண்ட்: 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசிய ஏழு பேர் போட்டியில் இந்தியாவுக்கு வெள்ளி. 2025 ஆகஸ்டில் 20 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டி பீகாரின் ராஜ்கிரிலேயே நடந்தது. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானை வென்று இந்தியப் பெண்கள் வெண்கலம் வாங்கினார்கள். பாதிக்கு ஏழு நிமிஷம், மொத்தம் பதினாலு நிமிஷ ஆட்டம்.