கூட ஓடியவர்கள்

ஜெர்மன் மொழியில் ‘மிட்’ என்றால் உடன். ‘லாய்ஃபர்’ என்றால் ஓடுபவர். சேர்ந்தால் மிட்லாய்ஃபர், கூட ஓடுகிறவர். நம் பேச்சில் இவருக்கு நெருங்கிய உறவு கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறவர்தான். ஒத்தூதி அல்லர், ஒத்தூதுகிறவர் யாருக்காக ஊதுகிறோம் என்பதைத் தெரிந்தே ஊதுகிறார். மிட்லாய்ஃபர் எதையும் முன்நின்று செய்வதில்லை. எதையும் தடுப்பதும் இல்லை.

இந்தப் பேச்சுச் சொல் 1946 மார்ச் 5 அன்று சட்டத்தில் ஏறியது. ஹிட்லரின் கட்சியில் இருந்தவர்களை என்ன செய்வது என்பதற்காகப் போருக்குப் பின் ஜெர்மனியின் அமெரிக்க ஆளுகைப் பகுதியில் வந்த சட்டம் அது. முதன்மைக் குற்றவாளி, குற்றத்தில் பங்குள்ளவர், குறைந்த பங்குள்ளவர், மிட்லாய்ஃபர், குற்றமற்றவர் என்று ஆட்களை ஐந்தாகப் பிரித்தது. சந்தா கட்டினார், கட்டாயக் கூட்டங்களுக்குப் போனார், அதற்குமேல் பெரிதாக ஒன்றுமில்லை என்றால் நான்காம் வகை. பெரும்பாலும் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள்.

சும்மா இருந்த குற்றத்துக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்தது. கிடைத்த வேகத்திலேயே அது புகலிடமாகவும் ஆனது. மேல் வகைகளில் மாட்டியவர்கள் நான்காவதற்கு இறங்கப் பாதிரியாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் நற்சான்றுக் கடிதம் வாங்கி வந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு ஊர் வைத்த பெயர் ‘பெர்சில்ஷைன்’, அதாவது பெர்சில் சீட்டு. பெர்சில் என்பது 1907 முதல் விற்கும் சலவைத்தூள். பெர்போரேட், சிலிக்கேட் என்னும் இரு வேதிப்பொருள்களின் தலையெழுத்துகளால் ஆன பெயர். கறை போக்கும் கடிதம் என்று விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஜெர்மனியின் மேற்குப் பகுதிகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மிட்லாய்ஃபர் ஆனார்கள். முதன்மைக் குற்றவாளிகள் 2,000 பேர்கூட இல்லை. தத்துவவாதி ஹைடெகரும் 1949இல் நான்காம் வகையில்தான் முடிந்தார். பவேரியாவின் கோப்புகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் லுட்ஸ் நீத்தாமர், 1982இல் வந்த தம் நூற்பதிப்புக்கு ‘மிட்லாய்ஃபர் தொழிற்சாலை’ என்றே பெயர் வைத்தார்.

பெயரே புகலிடமாகிவிடும் ஆபத்தைத் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ் முன்பே உணர்ந்திருந்தார். மனைவி யூதர் என்பதால் 1937இல் பேராசிரியர் பதவியை இழந்தவர் அவர். 1946இல் வெளியான ‘குற்றம் பற்றிய கேள்வி’யில், குற்றத்தைச் சட்டம், அரசியல், அறம், மீஇயற்பியல் என நான்காகப் பிரித்தார். முதலாவதை விசாரிக்க நீதிமன்றம் உண்டு. கைகட்டி நின்றது மூன்றாவதைச் சேரும்; அதை விசாரிக்கும் இடம் அவரவர் மனசாட்சி. அபராதம் கட்டி ரசீது வாங்கித் தீர்க்கக்கூடிய கணக்கு அல்ல அது.

அந்தக் கணக்கைப் பேரப்பிள்ளைகள் மறுபடி திறந்தார்கள். ஜெரால்டின் ஷ்வார்ஸ் 2017இல் பிரெஞ்சில் எழுதிய நூலில் வரும் தாத்தா, 1938இல் மன்ஹைம் நகரில் ஒரு யூதக் குடும்பத்தின் நிறுவனத்தை மலிவாக வாங்கியவர். அவரை மிட்லாய்ஃபர் என்றே பேத்தி அழைக்கிறார். தாத்தா தலைமுறை தப்பிக்கக் கேட்டு வாங்கிய பட்டம், பேத்தியின் எழுத்தில் குற்றச்சாட்டாகத் திரும்பிவிட்டது.