குலப்பழி சுமந்த நாய்கள்

முற்காலத்து இங்கிலாந்தில், கட்டப்பட்ட எருதின்மீது நாய்களை ஏவி வேடிக்கை பார்த்தனர். 1835இல் சட்டம் அதனைத் தடுத்தது. ஆயினும் சூதாட்ட வேட்கை அடங்கவில்லை. நாயோடு நாயை மோதவிடும் மறைவான போட்டிகள் தொடர்ந்தன. அவற்றுக்கென வளர்க்கப்பட்ட நாய்களின் வழிவந்ததே பிற்புல் இனம். ஏவிய மனிதன் மறக்கப்பட்டான். பழி நாயின் குலத்தின்மேல் விழுந்தது.

2007இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில், அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர் மைக்கேல் விக்கின் காணியிலிருந்து ஏறக்குறைய ஐம்பது பிற்புல் நாய்கள் மீட்கப்பட்டன. போட்டி நாய்களைக் கொன்றுவிடுவதே அந்நாள் வழக்கம். இம்முறையோ ஒவ்வொரு நாயும் தனித்தனியே ஆராயப்பட்டது. பெரும்பாலானவை உயிர் பிழைத்தன. அவற்றுள் ஜொனி என்னும் நாய், வாசிக்கப் பழகும் சிறுவரின் அருகமர்ந்து கேட்கும் துணையாயிற்று.

குடும்பப் பெயர்கொண்டு மாணவரை எடைபோடும் ஆசிரியர்களாகிய நாமும் இதனைச் சிந்திப்போமாக.