பிக்கப் டிரக்கில் அளவுமீறிச் சூடேறும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்

பெட்ரோல் இன்ஜின் கக்கும் நச்சுப்புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் பாகம் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து இது பரவியது. சூடு இதற்குத் தேவைதான்: ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் வேலையைத் தொடங்கி, ஓட்டத்தில் 400 முதல் 800 டிகிரி வரை காயும். 1000 டிகிரியைத் தாண்டினால் பூச்சு வேகமாகக் கெடும். மேலும் ஏறினால் பீங்கானே உருகி வழியை அடைத்துவிடும். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போதே கன்வெர்ட்டர் செக்கச்செவேலென்று கனன்றால் கோளாறு உறுதி.

சூட்டைக் கிளப்புவது பெரும்பாலும் இன்ஜின்தான். ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாகப் பற்றாமை) வந்தால், எரியாத பெட்ரோலும் காற்றும் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைக் கண்ட சென்சார், பெட்ரோல் போதவில்லை என்று இன்ஜின் கணினிக்குத் தகவல் தரும். கணினி இன்னும் பெட்ரோலைக் கூட்டும். ஒழுகும் இன்ஜெக்டர், மிகையான எரிபொருள் அழுத்தம், பிந்திய இக்னிஷன் டைமிங் ஆகியவையும் இதே கேட்டைச் செய்யும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று பொருள். அப்போது பாரம் இழுக்கக் கூடாது. காய்ந்த புல்மேல் நிறுத்தவும் கூடாது, தீப்பிடிக்கும்.

2004ஆம் ஆண்டு மாடலில் வந்த 5.4 லிட்டர், மூன்று வால்வு வி8 இன்ஜின் பொருத்திய ஃபோர்டு எஃப்-150 டிரக்கை எடுத்துக்கொள்ளலாம். இன்ஜினின் இரு பக்கத்துக்கும் தனித்தனிக் கன்வெர்ட்டர் உண்டு. எந்தப் பக்கம் கனல்கிறது என்பதே முதல் துப்பு. இந்த டிரக்கில் 1 முதல் 4 வரையிலான சிலிண்டர்கள் வலப்பக்கம். 5 முதல் 8 வரை ஓட்டுநர் அமரும் இடப்பக்கம். இடப்பக்கம் சிவந்து, ஸ்கேனரில் பி0306 என்ற பிழைக் குறியீடும் வந்தால் ஆறாம் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். அதன் இக்னிஷன் காயிலைக் கழற்றி ஐந்தாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். குறியீடு பி0305 என்று மாறினால் காயில் போய்விட்டது. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். இந்த வரிசை முக்கியம்: 2004 முதல் 2008 வரையிலான மாடல்களில் ஸ்பார்க் பிளக் கழற்றும்போது முறிந்து சிலிண்டர் ஹெட்டிலேயே தங்கிவிடுவது பேர்போன தொல்லை. இரண்டு பக்கமும் கனன்றால் எரிபொருள் அழுத்தத்தை முதலில் அளப்பது நல்லது.

அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளபளக்கும் எஃகின் மேல் அது குறைத்துக் காட்டும்; வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட்டை ஒரு பொட்டாக வைத்து அங்கே அளக்க வேண்டும்.

அடைப்பா என்று அறிய, முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிய துளையில் அழுத்தமானியை மாட்டுவார்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டினால் அடைப்பு என்றே கொள்ளலாம். ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கடகடவென்றால் பீங்கான் உடைந்திருக்கிறது. மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் வெந்துபோகும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி கன்வெர்ட்டருக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வாரண்டி உண்டு. புதிய டிரக்கின் உரிமையாளர் காசு கொடுக்குமுன் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.